பொட்டு இல்லாத வேலி

“அண்ணை, ரெண்டுக்கும் நாலு கோர், ரெண்டுக்கும் எட்டுத் திரெட். காஷும் இதுக்குப் பதினாறு, அதுக்கும் பதினாறு. பிறகேன் விலையிலை வித்தியாசம்?”

யாழ்ப்பாண நகரில் பாவித்த கொம்பியூட்டர் சாமான் விற்கும் கடையொன்று. கேட்டவன் என் தங்கையின் மகன், உயர்தரம் படிக்கிறவன். கடைக்காரர் கையிலிருந்த ஸ்குறூட்றைவரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: “இது ஓடும் தம்பி. அது நல்லா ஓடும்.”

அதற்கு மேல் அவரிடம் விளக்கம் இருக்கவில்லை. மருமகன் என் முகத்தைப் பார்த்தான். எங்கள் ஊரான மயிலிட்டிக்குப் போய்ச் சேருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கதை அதைவிட நீளமானது.

கண்ணாடிப் பெட்டிக்கு மேலே கிடந்தவை ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3 3100, ரைசன் 3 3300எக்ஸ் என்ற இரண்டு புரொசசர்கள். உள்ளங்கையின் நடுவில் அடங்கும் 4 சென்ரிமீற்றர் சதுரங்கள். அடிப்பக்கத்தில் 1331 மெல்லிய ஊசிகள். பாவித்ததை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அவற்றில் ஒன்றாவது வளைந்திருக்கிறதா என்றுதான். இந்த இரட்டையரை 2020 ஏப்ரலில் அறிவித்து, மே மாதம் சந்தைக்கு விட்டார்கள். 3100 இன் விலை 99 டொலர், 3300எக்ஸ் 120 டொலர். அன்றைய நாணய மாற்றில், வரி சேர்க்காமல், ஏறக்குறைய 18,500 ரூபாவும் 22,500 ரூபாவும். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ஐத் தொட்டது. அதே 120 டொலர் 43,000 ரூபாவாகிவிட்டது. மலிவுப் பிரிவுக்கென்று செய்த சாமானை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சில வருடம் கழித்து, இன்னொருவர் கையால் பாவித்து வந்த பிறகு சந்திப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்டியில் அச்சடித்திருந்த எண்களில் ஒரேயொரு வித்தியாசம்தான் கண்ணில் படும். 3100 சாதாரணமாக 3.6 கிகாஹேர்ட்ஸில் ஓடி, தேவைப்படும்போது 3.9 வரை எகிறும். மற்றது 3.8 இல் தொடங்கி 4.3 வரை போகும். உச்சத்தை உச்சத்தோடு ஒப்பிட்டால் பத்து வீதம் கூட. அவ்வளவுதான் விஷயம் என்றால், எந்த வேலையைக் கொடுத்தாலும் 3300எக்ஸ் பத்து வீதம் முன்னுக்கு நிற்க வேண்டும். அதற்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

சில வேலைகளில் அப்படித்தான் நின்றது. முப்பரிமாணப் படமொன்றைத் துண்டு துண்டாகத் தீட்டச் சொல்லும் சினிபெஞ்ச் போன்ற சோதனைகளில் வித்தியாசம் அந்தப் பத்து வீதத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் கொம்பியூட்டர் விளையாட்டுகளை ஓடவிட்டபோது பல இடங்களில் 3300எக்ஸ் அதைத் தாண்டிப் போனது. சோதித்தவர்கள் விடவில்லை. இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிட்டு மறுபடி பார்த்தார்கள். படம் தீட்டுவதில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டன. விளையாட்டுகளில் 3300எக்ஸ் அப்போதும் முன்னுக்கு நின்றது. வேகம் ஒன்று, கோர் நாலு, காஷ் பதினாறு மெகாபைற், வடிவமைப்பு ஒரே ‘சென் 2’. எல்லாம் சமம், ஓட்டம் மட்டும் சமமில்லை. பெட்டியில் அச்சடிக்காத ஏதோ ஒன்று உள்ளே இருந்தது.

உள்ளே என்றால், அந்த உலோக மூடிக்குக் கீழே. இந்தத் தலைமுறை ரைசன்களின் மூடியைக் கவனித்துப் பார்த்தால் சிறிய எழுத்தில் மூன்று நாடுகளின் பெயர் இருக்கும்: அமெரிக்கா, தைவான், சீனா. சமையலறையில் நிறம் மங்கிய அலுமினியச் சட்டியின் அடியில் முத்திரை தேடுவதுபோல் மருமகன் அதைத் தேடிக் கண்டுபிடித்தான். மூடிக்குள் சிலிக்கன் துண்டுகள் இரண்டு. சிறியது 74 சதுர மில்லிமீற்றர், சின்னவிரல் நகமளவு. தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் 7 நானோமீற்றர் நுட்பத்தில் செய்தது. ஏறத்தாழ 400 கோடி டிரான்சிஸ்டர்கள் அதில் குடியிருக்கின்றன. பெரியது 125 சதுர மில்லிமீற்றர், குளோபல்பவுண்ட்ரீஸ் நிறுவனம் 12 நானோமீற்றர் நுட்பத்தில் செய்தது. சிறியது கணக்குப் பார்க்கும். பெரியது தபாற்கந்தோர்: றாம், கிராபிக்ஸ் கார்ட், டிஸ்க் எல்லாவற்றோடும் கொடுக்கல் வாங்கல் அதன் வழியாகத்தான்.

(இந்தத் துண்டுகளைத் தமிழில் ‘சில்லு’ என்று எழுதுவதுண்டு. எங்கள் ஊரில் சில்லு என்றால் சைக்கிள் சில்லு. மருமகனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டான். ஆகவே ‘சிப்’ என்றே வைத்துக்கொள்கிறேன்.)

முதலாவது ஆச்சரியம் இங்கேதான். நாலு கோருக்குக் காசு கொடுத்து வாங்கிய அந்தச் சிறிய சிப்பில் உண்மையில் எட்டுக் கோர்கள் இருக்கின்றன. நாலு வேலை செய்கின்றன, மற்ற நாலும் நிரந்தரமாக உறங்குகின்றன. ஏமாற்று வேலை என்று மருமகன் சொன்னான். இல்லை.

மயிலிட்டிக் கரையைச் சேர்ந்தவனுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். வள்ளம் கரை தட்டியதும் மீன் எல்லாம் ஒரே இடத்துக்குப் போவதில்லை. கணவாயும் பெரிய இறாலும் நண்டும் கொம்பனிக்காரரின் ஐஸ் பெட்டிக்குள் போகும். பாரையும் விளைமீனும் கூறி விற்கும் இடத்தில் குவியும். சூடை கடகத்தில் ஏறி ஊருக்குள் போகும். மிஞ்சியது கருவாட்டுக்கு. கடல் ஒன்று, வலை ஒன்று, பாடு ஒன்று. தரம் பிரிவது கரையில்தான். கருவாட்டை யாரும் ஏமாற்று மீன் என்று சொல்வதில்லை.

டிஎஸ்எம்சி போன்ற ஆலைகளில் வலை என்பது 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிலிக்கன் தட்டு. ஒரு தட்டில் 74 சதுர மில்லிமீற்றர் சிப்புகள் எண்ணூறுக்கு மேல் பதியலாம். நுண்ணிய தூசியொன்று, படலத்தில் ஒரு சிறு குறை, அவ்வளவு போதும், ஒரு கோர் செத்துவிடும். முழுச் சிப்பையும் குப்பையில் போடுவதற்கு மனம் வருமா? எட்டுக் கோரும் நல்லது, குறைந்த மின்சாரத்தில் ஓடக்கூடியது என்றால் அது சேவருக்குப் போகும். 2019 ஓகஸ்ட்டில் வெளிவந்த எபிக் 7742 என்ற சேவர் புரொசசரில் இதே சிப் எட்டு இருக்கிறது. 64 கோர், அன்றைய விலை 6,950 டொலர். இரண்டு சிப்பைச் சேர்த்து 16 கோர் ரைசன் 9 3950எக்ஸ், 749 டொலர். ஒன்றிரண்டு கோர் பழுதென்றால் ஆறு கோர் ரைசன் 5 3600, 199 டொலர். இன்னும் கீழே இறங்கினால் நாலு கோர், 120 அல்லது 99. பழுதான கோர்களை சிப்புக்குள்ளேயே இருக்கும் நுண்ணிய பியூஸ்களை எரித்து ஒதுக்கிவிடுவார்கள். இலட்சக்கணக்கான ரூபா விலையுள்ள சேவர் இயந்திரமும் என் மருமகனின் மேசையும் ஒரே பாட்டில் அகப்பட்டவை என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். அந்த எட்டுக் கோர்களும் ஒரே முற்றத்தில் இல்லை. நாலு நாலாக இரண்டு வளவுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு வளவுக்கும் நடுவில் அந்த நாலு குடியும் சேர்ந்து அள்ளும் பங்குக் கிணறு ஒன்று: மூன்றாம் நிலைக் காஷ். அடிக்கடி தேவைப்படும் தரவுகளைத் தூரத்து றாமிலிருந்து ஒவ்வொரு முறையும் கொண்டுவராமல் பக்கத்திலேயே வைத்திருக்கும் இடம் அது. 3300எக்ஸில் வேலை செய்யும் நாலு கோரும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன, அவற்றுக்கு 16 மெகாபைற் கிணறு ஒன்று. மற்ற வளவு பூட்டிக் கிடக்கிறது. 3100 இல் இந்த வளவில் இரண்டு கோர், அந்த வளவில் இரண்டு கோர். கிணறும் அப்படியே, இங்கே எட்டு, அங்கே எட்டு. கூட்டினால் இரண்டிலும் நாலு கோர், இரண்டிலும் பதினாறு மெகாபைற். பெட்டியில் அச்சடித்தவர் பொய் சொல்லவில்லை. கூட்டிச் சொன்னார், அவ்வளவுதான்.

எட்டும் எட்டும் சேர்ந்தால் பதினாறுதானே என்று கேட்கலாம். கணக்கில் ஆம். கிணற்றில் இல்லை. அந்த வளவுக் கிணற்றில் இருக்கும் தண்ணீரை இந்த வளவுக்காரர் வாளி போட்டு அள்ள முடியாது. இங்குள்ள ஒவ்வொரு கோருக்கும் தனதென்று எட்டு மட்டும்தான்.

அள்ள முடியாமற் போவது ஏன்? இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி. வேலி இருப்பது குறையில்லை, யாழ்ப்பாணத்தில் வேலி இல்லாத வளவு எங்கே? ஆனால் எங்கள் வேலிகளில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி விட்டிருக்கும். பொட்டு என்போம். அடுப்புக்கு நெருப்பெடுக்க, ஒரு சுண்டு அரிசி மாற, சும்மா கதைக்க என்று பொட்டுக்குள்ளால் போய் வருவதற்குப் படலையைத் திறந்து ஒழுங்கையைச் சுற்ற வேண்டியதில்லை. ‘சென் 2’ சிப்பின் வேலியில் பொட்டே இல்லை. இந்த வளவின் கோர் பக்கத்து வளவின் கோருக்கு ஒரு சொல் அனுப்ப வேண்டுமென்றால், செய்தி சிறிய சிப்பை விட்டே வெளியேறி, தபாற்கந்தோரான பெரிய சிப்புக்குப் போய், அங்கே முத்திரை வாங்கி, மறுபடி அதே சிறிய சிப்பின் அடுத்த வாசலால் உள்ளே வரும். ஒரு சில மில்லிமீற்றர் தள்ளி இருப்பவனோடு கதைக்க நகரத்துக்குப் போய் வருவது.

இது எங்களுக்குப் புதிதில்லை. காங்கேசன்துறையிலிருந்து மயிலிட்டி, பலாலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை என்று கடலைத் தொட்டுக்கொண்டே பருத்தித்துறைக்குப் போகும் கரையோர வீதியைப் படத்தில் பார்த்தால் கிழக்கும் மேற்கும் ஒரு நேர்கோட்டில் இருக்கும். 1990 ஜூனில் போரால் மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டோம். ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது, அந்த வீதி நடுவில் அடைபட்டது. அதற்குப் பிறகு கரையோரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக வேண்டியவர் தெற்கே இறங்கி, ஊர்களைச் சுற்றி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். படத்தில் தூரம் மாறவில்லை. காலில் மாறிவிட்டது. துறைமுகத்தோடு 54 ஏக்கர் காணியை 2017 ஜூலை 3 ஆம் திகதி விட்டார்கள், 27 வருடத்துக்குப் பிறகு. வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி திறக்க 2025 ஏப்ரல் ஆனது. இதற்குள் பிறந்து வளர்ந்த மருமகனுக்குத் தூரம் என்றால் சுற்றுத் தூரம்தான். சிப்புக்குள் நடப்பதைக் கேட்டதும் அவன் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

அவனை ஆச்சரியப்படுத்தியது வேறொன்று: இந்தச் சுற்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது.

4 கிகாஹேர்ட்ஸ் என்றால் ஒரு செக்கனில் 400 கோடி துடிப்பு. ஒரு துடிப்புக்குள் வெளிச்சம் வெற்றிடத்தில் ஓடக்கூடிய தூரம் ஏழரைச் சென்ரிமீற்றர். சிப்பின் கம்பிகளில் மின்சமிக்ஞை அதைவிட மெதுவாகத்தான் நகரும். அமெரிக்கக் கடற்படையில் இருந்த கணினி முன்னோடி கிரேஸ் ஹொப்பர் தன் விரிவுரைகளுக்கு ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளமான கம்பித் துண்டுகளைக் கொண்டுபோய், “ஒரு நானோ செக்கன் இதுதான்” என்று கையில் கொடுப்பாராம். எங்கள் ஒரு துடிப்பு அந்தக் கம்பியில் கால்வாசி. இந்த அளவில் மில்லிமீற்றரும் தூரம்தான்.

கால் நானோ செக்கன் என்பது மனத்தில் நிற்காது. ஆகவே ஒரு துடிப்பை ஒரு முழுச் செக்கனாக இழுத்து நீட்டிப் பார்ப்போம். கோர் தன் மடியில் வைத்திருக்கும் முதலாம் நிலைக் காஷிலிருந்து ஒன்றை எடுக்க 4 செக்கன். இரண்டாம் நிலைக்குக் கைநீட்ட 12 செக்கன். பங்குக் கிணற்றில் அள்ள 40 செக்கன் அளவில். ஒரே வளவில் இருக்கும் இன்னொரு கோரோடு ஒரு விஷயத்தைப் பரிமாறிக்கொள்ள ஏறக்குறைய இரண்டு நிமிடம். வேலிக்கு அப்பால் இருப்பவனிடம், தபாற்கந்தோரைச் சுற்றி, ஐந்து நிமிடத்துக்குக் கிட்ட. றாமிலிருந்து ஒன்றைக் கொண்டுவர ஐந்தாறு நிமிடம். அதாவது 3100 இல், பக்கத்து வளவுக்காரன் றாம் இருக்கும் தொலைவுக்குத் தள்ளிப்போய்விட்டான்.

இதே அளவுகோலை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். எஸ்எஸ்டியிலிருந்து ஒரு துண்டை எடுக்க நாலரை நாள். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு வருடமும் மூன்று மாதமும். மருமகன் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டச் சொல்லி இதை மறுபடி கேட்டான். பத்து மில்லி செக்கன், கண் ஒருமுறை இமைப்பதற்குள் பத்துத் தடவைக்கு மேல் முடிந்துவிடும் நேரம். அது கோருக்கு ஒன்றேகால் வருடக் காத்திருப்பு. ‘மெதுவான கொம்பியூட்டர்’ என்று நாம் திட்டுவது பெரும்பாலும் இந்தக் காத்திருப்பைத்தான்.

சரி, எல்லா வேலையிலும் இந்த வேலி ஏன் குறுக்கே நிற்கவில்லை? கரையில் நடக்கும் இரண்டு வேலைகளை நினைத்துப் பார்க்கலாம். ஒன்று மீன் வெட்டித் துப்புரவாக்குவது. நாலு பேருக்கும் நாலு குவியல் கொடுத்துவிட்டால் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமலே முடிக்கலாம். ஒருவர் இந்தக் கொட்டிலில், மற்றவர் அந்தக் கொட்டிலில் இருந்தாலும் நட்டமில்லை. படம் தீட்டுவது, வீடியோவைச் சுருக்குவது, இப்படிப்பட்ட வேலைகள் இந்த வகை. திரையின் இந்த மூலையைத் தீட்டும் கோருக்கு அந்த மூலையில் என்ன நடக்கிறது என்ற கவலை இல்லை. வேகமாகக் கத்தி ஓட்டுபவர் முந்துவார், அவ்வளவுதான். பத்து வீதம் கூட வேகம், பத்து வீதம் முன்னுக்கு.

மற்றது கரைவலை இழுப்பது. இங்கே தனித்தனிக் குவியல் கிடையாது. ஒருவர் அம்பாவை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏற்றுப் பாடி, அந்தத் தாளத்தில் எல்லோர் காலும் ஒன்றாகப் பின்வைத்தால்தான் வலை நகரும். ஒரு பக்கத்தாருக்குக் குரல் பிந்திக் கேட்டால் மற்றப் பக்கத்தார் கயிற்றைப் பிடித்தபடி நிற்க வேண்டும். விளையாட்டு ஓடும்போது சிப்புக்குள் நடப்பது கரைவலை. எதிரி எங்கே ஓடுகிறான் என்று ஒரு கோர் கணக்குப் பார்க்கும், பந்து எங்கே விழும் என்று இன்னொன்று, கிராபிக்ஸ் கார்டுக்கு என்ன கட்டளை என்று மற்றொன்று. செக்கனுக்கு அறுபது, நூறு, நூற்றைம்பது தடவை எல்லோரும் ஒரே தரவைப் பார்த்துத் தலையாட்டினால்தான் அடுத்த காட்சி திரைக்கு வரும். ஒவ்வொரு தலையாட்டலும் வேலியைச் சுற்றிப் போனால் வலை மெதுவாகத்தான் வரும்.

இழுப்பவர்களை நிறுத்தும் மண்டாடியும் முக்கியம். எந்த வேலையை எந்தக் கோரிடம் கொடுப்பது என்று தீர்மானிப்பது இயங்குதளம். முதலில் விண்டோஸுக்கு இந்த வளவு, வேலி ஒன்றும் தெரியாது. கண்ட கோரிடம் கண்ட வேலையைப் போட்டுக்கொண்டிருந்தது. 2019 மே மாதத்து விண்டோஸ் 10 புதுப்பித்தலில் கூடிய மட்டும் ஒரு வளவை நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போகும்படி திருத்தினார்கள். ஒரு வளவில் இரண்டே கோர் உள்ள 3100 இல் அந்தச் சாமர்த்தியம் சீக்கிரம் முடிந்துபோகும் என்பது வேறு விஷயம்.

கடைக்காரர் சொன்ன இன்னொரு தகவலும் எனக்குப் பிடித்தது: 3300எக்ஸ் கைக்கு வருவதே அரிது. பழைய சாமானில் மட்டுமல்ல, புதிதாக வந்த காலத்திலேயே அது உலகம் முழுக்கக் கடைகளில் இல்லாமற் போனது. காரணம் தேடிப் பள்ளிக்கூடக் கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். எட்டுக் கோரில் சரியாக நாலு மட்டும் தப்பிய சிப் ஒன்றை எடுங்கள். எந்த நாலு தப்பியிருக்கலாம் என்பதற்கு 70 வழிகள். அவற்றில் இரண்டும் இரண்டுமாகப் பிரிந்து நிற்பது 36. மூன்றும் ஒன்றுமாக நிற்பது 32. நாலும் ஒரே வளவில் அமைவது இரண்டே இரண்டு. முப்பத்தைந்துக்கு ஒன்று! சேர்மானம் படிக்கும் மருமகன் இதைக் கையிலிருந்த ரசீதின் பின்பக்கத்தில் போட்டுச் சரிபார்த்தான், கூட்டுத்தொகை 70 வந்தது.

இந்தக் கணக்கை அப்படியே ஆலைக்குள் கொண்டுபோகக் கூடாதுதான். பழுதுகள் சீட்டுக் குலுக்கியதுபோல் சீராக விழுவதில்லை, ஒரே இடத்தில் கூட்டமாகவும் விழும். ஒரு வளவு முழுக்க நல்லதாகவும் மற்றதில் ஒன்று மட்டும் பழுதாகவும் இருக்கும் சிப்புகளையும் 3300எக்ஸ் ஆக்கலாம். ஆனால் அப்படிப்பட்ட சிப் கையில் இருந்தால் வியாபாரி என்ன செய்வான்? 3600 என்று பெயரிட்டால் 199 டொலர், 3300எக்ஸ் என்றால் 120. பாரையைக் கருவாடு போட யாருக்கு மனம் வரும்? தட்டில் நல்ல சிப்புகள் கூடக்கூட மலிவுச் சரக்குக் குறையும் என்பது இந்தத் தொழிலின் வேடிக்கை. ஆலை திறமையாக ஓடினால் ஏழைக்குச் சாமான் இல்லை.

அந்த 120 டொலர் சிப் செய்த காரியத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. 2017 ஜனவரியில் இன்டெல் தன் சாதாரண மேசைக் கணினி வரிசையின் உச்சியில் வைத்தது கோர் ஐ7 7700கே. நாலு கோர், எட்டுத் திரெட், 339 டொலர். மூன்று வருடமும் சில மாதமும் கழித்து 3300எக்ஸ் ஏறக்குறைய அதே வேலையை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடிய விலையில் செய்தது. இரண்டின் சோதனை எண்களையும் பக்கத்தில் வைத்தால் எது எதென்று கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டும். மூன்று வருடத்துக்குள் ராசா வீட்டுச் சமையல் கொத்துரொட்டிக் கடைக்கு வந்துவிட்டது.

மின்சாரக் கணக்கையும் மருமகன் கேட்டான். இரண்டு சிப்புக்கும் 65 வோட் என்று குறித்திருக்கிறது. உண்மையில் அது குளிராக்கி எவ்வளவு வெப்பத்தை அகற்ற வேண்டும் என்பதற்கான அளவு, மின்பட்டியல் அல்ல. இருந்தாலும் ஒரு குறிப்புக்கு உதவும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டுச் செய்தி அறிந்த தலைமுறை என்னுடையது. அந்த டைனமோ 6 வோல்ற், 3 வோட். 65 வோட்டுக்கு இருபத்திரண்டு சைக்கிள் கவிழ்க்க வேண்டும். அதற்கு இருபத்திரண்டு மருமக்களும் வேண்டும். அவன் சிரித்தான், நான் கைவலியை நினைத்துக்கொண்டேன்.

எதை வாங்கினோம் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டிலும் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி உள்ளே இல்லை, தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் கறுத்த திரைதான் தெரியும். பாடம் எழுதவும் இணையம் பார்க்கவும் மட்டும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, படப்பகுதியோடு வரும் 3200ஜி போன்ற ஒன்றை எடுப்பதுதான் புத்தி. மருமகனிடம் அண்ணன் விட்டுப்போன பழைய கார்ட் ஒன்று இருந்தபடியால் இந்தப் பக்கம் வந்தோம். 3100 ஐ எடுத்தோம். மிச்சம் பிடித்த காசில் ஒரு எஸ்எஸ்டி. ஒன்றேகால் வருடத்தை நாலரை நாளாக்கும் காசு வேறெந்தச் சாமானிலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. ஐந்து நிமிடச் சுற்றைப் பற்றி மண்டையை உடைத்துக்கொண்டு டிஸ்கை மறப்பவர்கள் அதிகம்.

றாமில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். கடைக்காரர் 2400 என்று எழுதிய மலிவான துண்டை நீட்டினார். இந்தத் தலைமுறை ரைசனில் தபாற்கந்தோருக்குப் போய்வரும் வீதியின் வேகம் வழக்கமாக றாமின் வேகத்தோடு கட்டுண்டிருக்கும். 3200 றாம் போட்டால் அந்த வீதி 1600 மெகாஹேர்ட்ஸில் ஓடும், 2400 போட்டால் 1200. நாலும் ஒரே வளவில் இருப்பவர்களுக்கு அது ஓரளவு பரவாயில்லை. 3100 இல் ஒவ்வொரு அக்கம்பக்கக் கதையும் அந்த வீதியால்தான் போக வேண்டும். வேலியில் பொட்டு வெட்ட முடியாது, வீதிக்குத் தார் போடலாம். 3200 ஐயே எடுத்துக் கொடுத்தார், முகத்தைக் கொஞ்சம் சுளித்தபடி.

ஏஎம்டிக்காரருக்கும் அந்த வேலி உறுத்தியிருக்க வேண்டும். அதே 2020 நவம்பரில் ‘சென் 3’ வந்தபோது இரண்டு வளவையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எட்டுக் கோருக்கும் ஒரே முற்றம், 32 மெகாபைற்றில் ஒரே கிணறு. ஒரே வேகத்தில் ஓடினாலும் முந்தியதைவிட 19 வீதம் கூட வேலை செய்யும் என்று அறிவித்தார்கள். அந்தக் கூடுதலில் கிணறு ஒன்றானதற்கும் பங்கு உண்டு, விளையாட்டுகளில் அது நன்றாகவே தெரிந்தது.

அன்று பின்னேரம் மருமகன் முன்விறாந்தையில் இருந்து கொப்பியில் நான் சொன்னதைக் கீறிக்கொண்டிருந்தான். இரண்டு சதுரம், ஒவ்வொன்றிலும் நாலு பெட்டி, நடுவில் ஒரு வட்டம், இரண்டுக்கும் இடையில் தடித்த கோடு. தேத்தண்ணி கொண்டு வந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தா.

“இது ஆற்றை வளவு மோனை? கிணறும் கிடக்கு. விட்டிட்டாங்களோ?”

“வளவில்லை அம்மம்மா, கொம்பியூட்டருக்கு உள்ளுக்கு இருக்கிறது. இங்கை இருக்கிறவர் அங்கை போறதெண்டால் சுத்தித்தான் போகோணும். பிறகு வந்ததிலை இந்த வேலியையே எடுத்திட்டாங்கள்.”

அம்மா நம்பாமல் என்னைப் பார்த்தா.

“வேலியை எடுத்தவங்களோ? வழக்கொண்டும் வரேல்லையோ?”